சூதாட்டத்தில் கணக்கு எழுதி வைத்தால் ஜெயிக்கலாமா?

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது. கூட்டத்தில் எழுந்த கேள்விகளும் இறுதியில் உள்ளன.)



என்னைப் பேசச் சொன்னபோது, வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன், வைப்புநிதி வட்டியைப் பற்றியோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பற்றியோ பேசுவேன் என்று செயலாளர் நினைத்திருப்பார். சூதாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "சார், அதுவும் இப்போ பண விஷயம்தானே, பேசுங்க" என்று சொல்லிவிட்டார்.

உண்மைதான். சூதாட்டம் இன்று எங்கோ ஒரு கிளப்பில் நடக்கும் சமாச்சாரமாக இல்லை. சட்டைப் பையில் இருக்கும் போனில் நடக்கிறது. லிஃப்டில் ஏறினால், "நாலு தடவ பச்சை வந்துடுச்சு, அடுத்தது சிவப்புதான்" என்று யாரோ யாரிடமோ சொல்வது காதில் விழுகிறது. மெயின் ரோடு டீக்கடைப் பக்கம் போனால், கேரள லாட்டரியின் கடைசி மூன்று இலக்கங்களை மாதக் கணக்கில் எழுதிய சார்ட்டை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் தீவிரமாக விவாதிக்கிறார்கள். பரீட்சைக்குப் படித்திருந்தால் இருவரும் பாஸ் ஆகியிருப்பார்கள்.

சூது கெட்டது, ஆடாதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். நான் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு ஆட்டம் நேர்மையாக நடக்கிறதா என்பதே சந்தேகம். அந்த நிலையில், இதுவரை வந்த முடிவுகளை வரிசையாகக் குறித்து வைத்துப் பார்த்தால், ஆடுகிறவருக்கு அதனால் பலன் உண்டா?

இது முட்டாள்தனமான கேள்வி இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்த்த ஊர் நம்முடையது. வங்கியிலும் மோசடி பிடிபடுவது பழைய கணக்கைப் புரட்டும்போதுதான். எனவே ஒரே வார்த்தையில் "இல்லை" என்று தள்ளிவிடாமல், எங்கே பலன் உண்டு, எங்கே இல்லை என்று பிரித்துப் பார்ப்போம்.

முன்னிருப்பு இல்லாத கணக்கு

முதலில் நேர்மையான ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். பந்து எதில் விழுகிறதோ அதுதான் ஜெயித்த எண். 18 எண்கள் சிவப்பு, 18 கறுப்பு, பூஜ்யம் பச்சை.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ கேசினோவில் ஒரு மேஜையில் தொடர்ந்து 26 தடவை கறுப்பே விழுந்ததாகச் சூதாட்ட வரலாற்றில் குறிக்கப்பட்டிருக்கிறது. பதினைந்து தடவை தாண்டியதும் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு சிவப்பின் மேல் பணத்தைக் கொட்டியது. இத்தனை கறுப்புக்குப் பிறகு சிவப்பு வந்தே தீர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒவ்வொரு தடவையும் தொகையைக் கூட்டினார்கள். லாபம் கேசினோவுக்குப் போனது.

வங்கிப் பேரேட்டில் ஒவ்வொரு நாளும் முதல் வரி முன்னிருப்பு. நேற்றைய பாக்கி இன்றைக்கு வந்து உட்காரும். ரூலெட் சக்கரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. 26 கறுப்புக்குப் பிறகும் அடுத்த சுற்றில் சிவப்புக்கு 37-இல் 18 வாய்ப்புதான். சக்கரம் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை, திருப்பித் தரவேண்டிய கடனும் அதற்கு இல்லை. ஆகவே நேர்மையான ஆட்டத்தில் பழைய முடிவுகளை எழுதி வைப்பதால் அடுத்த முடிவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கமிஷனையும் சொல்லிவிடுகிறேன். 37 எண்களிலும் தலா 100 ரூபாய் வைத்தால் 3,700 ரூபாய். ஏதாவது ஒரு எண் கண்டிப்பாக ஜெயிக்கும். அதற்கு 35 மடங்கு லாபமும் வைத்த 100-ம் சேர்த்து 3,600 வரும். 100 ரூபாய் மேஜையிலேயே தங்கிவிடும். அதாவது 100-க்கு 2 ரூபாய் 70 காசு. ஏமாற்று வேலையே இல்லாமல், சட்டப்படி, ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக எடுக்கப்படும் தொகை இது.

குமாஸ்தாக்கள் ஜெயித்த கதை

சரி, சக்கரம் நேர்மையாக இல்லாவிட்டால்? இங்கேதான் கணக்கு எழுதுகிறவர்கள் ஆதாரமாகக் காட்டும் மனிதர் வருகிறார்.

அவர் பெயர் ஜோசப் ஜாகர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் துணி ஆலைத் தொழிலில் இருந்தவர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்டி கார்லோ போனார். ஆலை இயந்திரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு விஷயம் தோன்றியது. எந்த இயந்திரமும் நூற்றுக்கு நூறு சமமாகச் சுழலாது. அச்சு தேயும், ஒரு பக்கம் சாயும். ஆறு குமாஸ்தாக்களை வேலைக்கு வைத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் விழும் எண்களை நாள் கணக்கில் எழுதவைத்தார் என்று சொல்கிறார்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் ஒன்பது எண்கள் அளவுக்கு மீறி வந்தன. அவற்றின் மேல் பணம் கட்டிப் பெருந்தொகை ஜெயித்தார். கேசினோ சக்கரங்களை இடம் மாற்றிப் பார்த்தது. தன் சக்கரத்தில் இருந்த ஒரு சிறு கீறலை அடையாளம் வைத்து அவர் கண்டுபிடித்துவிட்டார். பிறகு கேசினோ சக்கரத்தின் உள்பாகங்களையே மாற்றி அமைக்க ஆரம்பித்தது. அவர் தோற்க ஆரம்பித்தார். உடனே நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தோடு ஊர் திரும்பினார்.

நூறு வருடத்துக்குப் பிறகு இன்னொரு ஆள். ஸ்பெயினைச் சேர்ந்த கோன்சாலோ கார்சியா பெலாயோ. 1990-களின் தொடக்கத்தில் மாட்ரிட் கேசினோவில் ஆயிரக்கணக்கான சுற்றுகளைக் குறித்து, கம்ப்யூட்டரில் போட்டு அலசி, பழுதான சக்கரங்களைக் கண்டுபிடித்தார். குடும்பமே சேர்ந்து ஆடி ஜெயித்தது. கேசினோ அவரை உள்ளே விட மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2004-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

ஆக, "பழைய முடிவுகளைக் குறித்து வைத்து யாருமே ஜெயித்ததில்லை" என்று சொன்னால் அது பொய். ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஜெயித்ததற்குப் பின்னால் ஐந்து நிபந்தனைகள் இருந்தன.

ஒன்று, கோளாறு சக்கரத்தில் இருந்தது. நடத்துகிறவர் மனதில் இல்லை. அந்தக் கோளாறு இருப்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு, கோளாறு நாளுக்கு நாள் மாறாமல் ஒரே பக்கம் இருந்தது. மூன்று, கமிஷனையும் தாண்டி லாபம் வரும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. நான்கு, கணக்கை எழுதியவர்கள் ஜாகரின் சொந்த ஆட்கள், நேரில் பார்த்து எழுதினார்கள். ஐந்து, ஜெயித்த பணத்தைக் கேசினோ கையில் கொடுத்தது.

இந்த ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் நோட்டுப் புத்தகத்துக்கு வேலை இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காகிதத்தில் 62,000 லாபம்

முதலில் அளவு. ஒரு எண்ணை 3,700 சுற்றுகள் கவனிப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 சுற்று என்றால், தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 11, 12 நாள் வேலை. நேர்மையான சக்கரத்தில் ஒவ்வொரு எண்ணும் சராசரியாக 100 தடவை வரும். ஒரு எண் 103 தடவை வந்தாலே அதில் ஆடியவருக்கு லாபம்.

ஆனால் சராசரி 100 என்றால் எல்லா எண்ணும் சரியாக 100 தடவை வராது. எந்தப் பழுதும் இல்லாத சக்கரத்திலேயே ஒரு எண் 80-க்கும் 120-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். 37 எண்களையும் வரிசைப்படுத்தினால், முதலிடத்தில் இருக்கும் எண் சர்வசாதாரணமாக 120 தடவை வந்திருக்கும்.

அந்த முதலிட எண்ணை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதில் 100 ரூபாய் வைத்திருந்தால் செலவு 3,70,000. வரவு 120 பெருக்கல் 3,600, அதாவது 4,32,000. லாபம் 62,000! நோட்டில் பார்த்தால் கண் கலங்கிவிடும். "அய்யோ, இதில் ஆடியிருந்தால்!" என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையில் அடுத்த 3,700 சுற்று அதே எண்ணில் ஆடினால், அது மறுபடி 100-ஐ ஒட்டித்தான் வரும். வரவு சராசரியாக 3,60,000. நஷ்டம் 10,000.

பந்தயம் முடிந்த பிறகு ஜெயித்த குதிரையைத் தேர்ந்தெடுப்பது யாருக்கும் சுலபம். 37 எண்களில் ஏதோ ஒன்று முதலிடம் வந்தே ஆக வேண்டும். அது முதலிடம் வந்ததாலேயே சக்கரம் கோணல் என்று ஆகிவிடாது. 3,700 சுற்றுக்கே இந்தக் கதி. டீக்கடை சார்ட்டில் 90 நாள் முடிவுகளை வைத்துக்கொண்டு 1,000 எண்களில் ஒன்றைப் பிடிக்கப் பார்ப்பதை என்னவென்று சொல்வது?

கணக்கை யார் எழுதியது?

அடுத்து, நான்காவது நிபந்தனை. வங்கியில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. பணத்தைக் கையாளுகிறவரே கணக்கையும் எழுதி, அவரே சரிபார்க்கவும் செய்தால், அந்தக் கணக்கு கணக்கே அல்ல.

லண்டனில் கார்ல் பியர்சன் என்று ஒரு பேராசிரியர். புள்ளியியல் துறையை நிறுவியவர்களில் ஒருவர். 1890-களில் அவர் மான்டி கார்லோ ரூலெட் முடிவுகளை ஆராய்ந்தார். ஒரு பத்திரிகை இந்த முடிவுகளை ஒழுங்காக அச்சிட்டு வந்தது. அதை வாங்கி வைத்துக் கணக்குப் போட்டார். சிவப்பு, கறுப்பு மொத்த எண்ணிக்கை ஏறக்குறையச் சரியாக இருந்தது. ஆனால் நிறம் மாறி மாறி வருவது இயற்கைக்கு மீறி அதிகமாக இருந்தது. ஒரே நிறம் தொடர்ந்து வருவது குறைவு. இப்படி ஒரு சக்கரம் தற்செயலாக நடந்துகொள்ளவே முடியாது என்று 1894-இல் எழுதினார்.

பியர்சன் கணக்கில் தவறு இல்லை. பின்னாளில் வேறொரு விளக்கம் சொல்லப்பட்டது. முடிவுகளை எழுத வேண்டிய நிருபர்கள் மேஜைக்குப் பக்கத்தில் போகாமல், உட்கார்ந்த இடத்திலேயே எண்களைக் கற்பனையாக எழுதி அனுப்பிவிட்டார்களாம். மனிதன் கற்பனையாக எழுதும்போது "ரொம்ப நேரம் ஒரே நிறம் வந்தால் சந்தேகப்படுவார்கள்" என்று அடிக்கடி மாற்றிவிடுவான். அதுதான் பியர்சன் கண்ணில் பட்டது. சக்கரத்தைப் பரிசோதித்ததாக அவர் நினைத்தார், பரிசோதித்தது நிருபரை.

இப்போது போன் செயலிகளுக்கு வாருங்கள். நிறத்தின் மேல் பணம் கட்டும் ஆட்டங்களில் திரையின் ஓரத்திலேயே கடந்த சுற்றுகளின் முடிவுகள் பட்டியலாக ஓடும். அந்தப் பட்டியலை எழுதுவது யார்? பணம் வாங்குகிறவரே. பெரிய கேசினோக்களிலும் மேஜைக்கு மேலே கடந்த எண்களை மின்பலகையில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து ஆடுகிறவர்கள் ஜெயிப்பதாக இருந்தால் அந்தப் பலகையை முதல் வேலையாகக் கழற்றி இருப்பார்கள் அல்லவா? கடைக்காரர் தன் செலவில் நமக்கு ஒரு ஆயுதம் இலவசமாகத் தருகிறார் என்றால், அது யாரைக் குத்தும் என்று யோசிக்க வேண்டாமா?

தேய்ந்த பகடையும் சகுனியின் பகடையும்

இனி முதல் இரண்டு நிபந்தனைகள். என் பேச்சில் இதுதான் முக்கியம்.

"ஆட்டம் நேர்மையாக இல்லை" என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு. ஒரு மூலை தேய்ந்துபோன பகடை ஒரு வகை. சகுனியின் பகடை இன்னொரு வகை.

தேய்ந்த பகடைக்குப் புத்தி கிடையாது. இன்றைக்கு ஆறு அதிகம் விழுந்தால் நாளைக்கும் ஆறுதான் அதிகம் விழும். பொறுமையாக எழுதி வைத்தால் பிடித்துவிடலாம். ஜாகர் பிடித்தது அதைத்தான். சகுனியின் பகடை அப்படியா? அவன் என்ன நினைக்கிறானோ அது விழும். தருமர் முதல் ஆட்டத்திலிருந்து ஒவ்வொரு தாயத்தையும் ஓலையில் எழுதி வைத்திருந்தாலும் என்ன பிரயோஜனம்? எழுதியது நேற்றைய சகுனியின் விருப்பம். இன்றைய விருப்பம் தருமர் எதைப் பணயம் வைக்கிறார் என்பதைப் பார்த்த பிறகு அல்லவா முடிவாகும்!

வேண்டுமென்றே செய்யும் மோசடி பழைய முடிவுகளில் தடயம் விடுவதில்லை என்பதற்கு இரண்டு உண்மைச் சம்பவங்கள் சொல்கிறேன்.

1980 ஏப்ரல் 24. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில அரசு லாட்டரி. 0 முதல் 9 வரை எண் எழுதிய பந்துகள் மூன்று இயந்திரங்களில் குதிக்கும், காற்றில் மேலே வரும் பந்துதான் எண். 4, 6 ஆகிய இரண்டைத் தவிர மற்ற பந்துகளுக்குள் ஊசியால் பெயின்ட் ஏற்றிக் கனமாக்கிவிட்டார்கள். கனமான பந்து எழும்பாது. ஆக, வரக்கூடிய மூன்று இலக்க எண்கள் எட்டுதான். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பில் 666 விழுந்தது. குலுக்கலை நடத்திக் காட்டும் அறிவிப்பாளரே இதில் முக்கியக் குற்றவாளி. அதற்கு முந்தைய நாள் வரை ஒருவர் எல்லா முடிவுகளையும் எழுதி வைத்திருந்தாலும் அன்றைய மாலை மோசடி அதில் தெரிந்திருக்காது. அந்த எட்டு எண்களில் மட்டும் பணம் குவிந்ததால்தான் சந்தேகம் கிளம்பியது.

இரண்டாவது, எடி டிப்டன் என்பவர். பல அமெரிக்க மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் லாட்டரி அமைப்பில் கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பு அதிகாரி. எண்களைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருளில் அவரே ரகசியமாகச் சில வரிகளைச் சேர்த்தார். வருடத்தில் மூன்று குறிப்பிட்ட தேதிகளில், அதுவும் குறிப்பிட்ட கிழமையும் நேரமும் சேர்ந்து வந்தால் மட்டும், அவரால் ஊகிக்கக்கூடிய எண்கள் வரும். மற்ற நாட்களில் எல்லாம் சுத்தம். 2010 டிசம்பர் 29 குலுக்கலில் 1.65 கோடி டாலர் பரிசு. அந்தச் சீட்டுக்குப் பணம் கேட்டு வந்த விதமே சந்தேகமாக இருந்ததால் பணம் கொடுக்கப்படவில்லை. சீட்டு வாங்கிய கடையின் கேமரா பதிவுதான் கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது. 2017-இல் 25 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வருடக் கணக்கான முடிவுகளை எந்த நிபுணர் அலசினாலும், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த அந்தச் சில நாட்கள் தனியாகத் தெரிந்திருக்காது.

அரசாங்கம் நடத்தி, ஆடிட்டர் மேற்பார்வை செய்து, கேமரா வைத்த இடத்திலேயே இப்படி நடக்க முடிந்தது. முகவரி இல்லாத செயலியில், யார் எந்த நிறத்தில் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பது முடிவு வருவதற்கு முன்பே நடத்துகிறவர் கையில் இருக்கிறது. குறைவாகப் பணம் விழுந்த நிறத்தை ஜெயிக்க வைப்பதற்கு அவருக்கு ஒரு தடையும் இல்லை. அப்படிச் செய்கிறாரா என்பதைச் சரிபார்க்க நமக்கு வழியும் இல்லை. அது சகுனியின் பகடை. நீங்கள் ஒரு ஒழுங்கைக் கண்டுபிடித்தாலும், நீங்கள் பெரிய தொகை வைக்கும் நாளில் அந்த ஒழுங்கு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கடைசியாக ஐந்தாவது நிபந்தனை. திரையில் தெரியும் "உங்கள் இருப்பு" பணம் இல்லை. அது ஒரு எண். பாஸ்புக்கில் வரவு ஆனால்தான் பணம். ஆரம்பத்தில் 500, 1,000 எடுக்க விடுவார்கள். தொகை பெரிதானதும் வரி கட்டு, டெபாசிட் கட்டு, அப்புறம்தான் எடுக்கலாம் என்பார்கள். சட்டவிரோத மூன்று நம்பர் லாட்டரியிலும் இதுதான் கதை. குலுக்கல் கேரள அரசுடையதாக இருக்கலாம், சீட்டு எழுதியவர் உள்ளூர் ஆள். பெரிய பரிசு விழுந்த அன்று அவர் கடையைத் திறக்காவிட்டால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

இல்லாமல் போன ஒரு பத்தி

தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன். நம் குடியிருப்பில் இருப்பவன் இல்லை. அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன். நல்ல வேலை, நல்ல படிப்பு. அவன் அம்மா சொல்லி என்னிடம் வந்தான். லேப்டாப்பைத் திறந்து காட்டினான். எக்செல் ஷீட்டில் நான்காயிரத்துக்கு மேல் வரிசைகள். தேதி, நேரம், சுற்று எண், நிறம், இலக்கம், எல்லாம் வண்ணம் பூசி, பிரமாதமாக வைத்திருந்தான். எங்கள் கிளையில் இப்படி லெட்ஜர் எழுதியிருந்தால் ஆடிட்டர் காலில் விழுந்திருப்பார்.

"அங்கிள், இது ஃபேர் கேம் இல்லைன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் டேட்டா எடுக்கிறேன். அவன் எப்படி ஏமாத்துறான்னு கண்டுபிடிச்சிட்டா அதை வச்சே ஜெயிச்சிடலாம்ல?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. "இதுல பணத்துக்கு ஒரு காலம் காணோமேப்பா?" என்று மட்டும் கேட்டேன். நான்காயிரம் வரிசைகளில் அவன் எவ்வளவு போட்டான், எவ்வளவு எடுத்தான் என்று ஒரு இடத்திலும் இல்லை. வங்கி ஸ்டேட்மென்ட்டை இறக்கி, இருவரும் உட்கார்ந்து யூபிஐ வரிகளைப் பிரித்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. போனது 1,86,400. வந்தது 41,250. வித்தியாசம் 1,45,150.

அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நான் நாப்பதாயிரம் போயிருக்கும்னு நினைச்சேன் அங்கிள்" என்றான். ஜெயித்த சுற்றுகள் எல்லாம் ஞாபகம் இருந்தது. போட்ட பணம் 200, 300 என்று சிறுசிறு தொகையாகப் போனதால் மனதில் நிற்கவில்லை. அந்த எக்செல் ஷீட் அவனுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. தான் ஏதோ ஆராய்ச்சி செய்வதாக ஒரு திருப்தியைக் கொடுத்து, ஆட்டத்திலேயே உட்கார வைத்தது.

கணக்கு எதற்குப் பயன்படும்?

அப்படியானால் பழைய கணக்கால் பலனே இல்லையா? உண்டு. இரண்டு இடத்தில் உண்டு.

ஒன்று, சாட்சியாக. 2007-இல் ஆப்சல்யூட் போக்கர் என்ற இணையதளத்தில் சிலர் நம்ப முடியாத அளவுக்கு ஜெயிப்பதை மற்ற ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். ஒருவர் தான் தோற்ற போட்டியின் பதிவைக் கேட்டபோது, எல்லோருடைய மறைவுச் சீட்டுகளும் அடங்கிய முழுப் பதிவையும் நிறுவனம் அனுப்பிவிட்டது. அதை வைத்து அலசியதில், ஜெயித்தவர் மற்றவர்கள் கையில் இருந்த சீட்டைப் பார்த்து ஆடியது அம்பலமானது. கவனியுங்கள். அந்தப் பதிவு அவர்களை ஜெயிக்க வைக்கவில்லை. திருடனைப் பிடித்துக் கொடுத்தது. நம் ஊரிலும் ஸ்கிரீன்ஷாட், பரிவர்த்தனை எண், பேசிய எண், தேதி, நேரம் எல்லாம் இருந்தால் புகாருக்கு அதுவே வவுச்சர். ஆன்லைன் பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணம் போன உடனே கூப்பிட வேண்டும். தாமதம் ஆக ஆக அந்தப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

இரண்டாவது, பணக் கணக்கு. எந்த நிறம் வந்தது என்று எழுதாதீர்கள். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று இரண்டே பத்தி எழுதுங்கள். அந்தக் கணக்கை யாரும் திருத்த முடியாது, வங்கி எழுதிய கணக்கு அது. ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். போதும்.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆட்டம் நேர்மையானது என்றால் பழைய முடிவு எதையும் சொல்லாது. சக்கரம் தேய்ந்தது என்றால் சொல்லும், ஆனால் அதற்கு ஜாகரின் பொறுமையும் அந்த ஐந்து நிபந்தனைகளும் வேண்டும். நடத்துகிறவரே ஏமாற்றுகிறார் என்றால், பழைய முடிவு உங்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எழுந்து போய்விடு. எதில் பணம் கட்டலாம் என்று ஒருநாளும் சொல்லாது. "மோசடி என்று சந்தேகம், அதனால் இன்னும் கூர்ந்து ஆடுகிறேன்" என்பதைப் போல ஆபத்தான யோசனை வேறு இல்லை. ஒரு கிளையில் பணம் காணாமல் போகிறது என்று தெரிந்த பிறகு, அங்கேயே இன்னொரு டெபாசிட் போடுவோமா?

கேள்வி பதில்

சி பிளாக் உறுப்பினர் ஒருவர்: கிரிக்கெட் சூதாட்டத்தில் பழைய ஸ்கோர்களைப் பார்ப்பது வேறு விஷயம்தானே? அணிக்குத் திறமை என்று ஒன்று இருக்கிறதே?

இருக்கிறது. சக்கரத்துக்கு ஞாபகம் இல்லை, பேட்ஸ்மேனுக்குத் திறமை உண்டு. ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஸ்கோர் பந்தயம் வாங்குகிறவருக்கும் தெரியும். அதைச் சேர்த்துத்தான் அவர் விகிதமே நிர்ணயிக்கிறார். அத்துடன், 2010-இல் லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் பந்துவீச்சாளர்கள் பேசி வைத்தபடி நோ-பால் போட்டார்களே, அது எந்தப் பழைய ஸ்கோர் அட்டையில் எழுதியிருந்தது?

ஏ பிளாக் உறுப்பினர் ஒருவர்: இதையெல்லாம் அரசாங்கம் தடை செய்துவிட்டதே, இனி கவலை என்ன?

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை இருக்கிறது. டீக்கடை சார்ட் போய்விட்டதா? ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. நல்லதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து லிங்க் அனுப்பி நடத்துகிறவனுக்கு நம் சட்டம் எட்டும் வரை, வீட்டில் ஒருவர் ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பதுதான் முதல் காவல்.

ஒரு தாயார்: பிள்ளை ஆடுவது தெரிந்தால் என்ன செய்வது சார்? கேட்டால் கோபம் வருகிறது, கதவைச் சாத்திக்கொள்கிறான்.

அம்மா, திட்டாதீர்கள். கடனையும் அவசரப்பட்டு மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். அந்தப் பணமும் அங்கேயே போகும் வாய்ப்பு உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு பத்திக் கணக்கை அவன் கையாலேயே கூட்டச் சொல்லுங்கள். அந்தத் தொகையைத் தனியாகப் பார்க்க அவனுக்கும் பயமாக இருக்கும், யாராவது கூட இருக்க வேண்டும். மனம் ரொம்பச் சோர்ந்து தெரிந்தால் தாமதிக்காமல் 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசுங்கள், கட்டணம் கிடையாது. கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கணக்கு என்னோடு நிற்கும், வெளியே போகாது.

 பின்னால் டீயும் சுண்டலும் தயாராக இருக்கிறதாம்.